நிற்க மறுத்த முள்ளுருண்டை

அந்தக் காலத்தில் காற்றுக்கும் புல்லுக்கும் வாய் இருந்தது, மனிதருக்கு அவை பேசுவதைக் கேட்கும் பொறுமையும் இருந்தது. பேசத் தெரிந்ததால் மட்டும் யாருக்கும் புத்தி கூடிவிடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை பாதியில் இருக்கும்போது நீங்களே என்னிடம் கேட்பீர்கள்.

தென்கடலோரத்தில் முள்ளிக்கழி என்று ஒரு கழிமுகம் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே ஆறு கடலில் விழும். கோடையில் ஆறு வற்றி, கழியின் வாயை மணல் அடைத்து, நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு வாய்க்கால் மட்டும் மிஞ்சியிருக்கும். கழிக்கு மேற்கே பெரிய மணல்மேடு. அதன்மேல் மணற்புல் அடர்ந்து படர்ந்திருந்தது. கழிக்குக் கிழக்கே சில மீனவக் குடிசைகள். அவற்றையும் தாண்டினால் மறுபடி கடல்தான்.

குடிசைகள் அங்கே நிலைத்ததற்குக் காரணம் ஓர் ஊற்று. முத்திருளாயி என்ற பெண் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், உப்பு மணல்தான் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் பிடிவாதமாகத் தோண்டிக் கண்டுபிடித்த நல்ல தண்ணீர். அதைக் குடித்துத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

கிழக்குக் கரையில் புல் பூண்டு எதுவும் முளைக்கவில்லை. அதனால் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால், வெறும் மணல் எழும்பி வந்து ஊற்றைத் தூர்த்துவிடும். பெண்கள் விடியற்காலையில் தோண்ட ஆரம்பித்தால் உச்சிப்பொழுதுக்குச் சில குடம் தண்ணீர் தேறும். வருஷத்துக்கு வருஷம் மணல் கூடிக்கொண்டே போயிற்று.

ஊர்த் தலைவர் நம்புக்காளை, முத்திருளாயிக்கு மாமனார். அவர் யோசித்து, ஊற்றுக்கு மேற்கே பனையோலைப் படல் கட்டி வேலி வைக்கச் சொன்னார். ஆண்கள் இரண்டு பகல் கடலுக்குப் போகாமல் வேலி கட்டினார்கள். நல்ல வேலி, குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் பார்த்தால் முன்பைவிட அதிக மணல் ஊற்றில் கிடந்தது. வேலி போதவில்லை என்று இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். ஊற்று இன்னும் சீக்கிரமாகத் தூர்ந்தது. தன் கையால் கட்டிய வேலிமேல் யாருக்காவது சந்தேகம் வருமா? எல்லோரும் கச்சானைத்தான் திட்டினார்கள்.

முத்திருளாயி திட்டிக்கொண்டு நிற்கவில்லை. கழியைக் கடந்து மேற்கே போய் மணல்மேட்டைப் பார்த்தாள். அங்கே அதே காற்றுதான் வீசியது, ஆனால் ஒரு பிடி மணல்கூட மேட்டை விட்டு நகரவில்லை. புல் அத்தனையையும் வேரால் பிடித்து வைத்திருந்தது. அவள் அந்தப் புல்லுக்கெல்லாம் மூத்ததான தாய்ப்புல்லின் முன்னால் உட்கார்ந்து, எங்கள் கரைக்கும் உன் பிள்ளைகளில் சிலரைக் கொடு என்று கேட்டாள்.

தாய்ப்புல்லின் பெண்பிள்ளைகள் எல்லாம் முள்ளுருண்டைகள். ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு இருக்கும். நடுவில் விதை, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட முள். அந்தக் காலத்தில் ஒவ்வோர் உருண்டைக்கும் அடியில் தடித்த முள் ஒன்று தனியாக இருந்தது. அதைக் கால்முள் என்பார்கள். தாயிடமிருந்து பிரிந்ததும் அந்தக் கால்முள்ளை மணலில் ஊன்றி நின்றுவிட வேண்டும். நிற்பதுதான் அந்தக் குடும்பத்தின் பெருமை.

தாய்ப்புல் இரக்கப்பட்டு ஒரு கூடை நிறையப் பெண்களைக் கொடுத்து அனுப்பியது. முத்திருளாயி அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து, பச்சைப் பிள்ளைகளுக்குக் காற்று படக்கூடாது என்று வேலியின் மறைவில், அதன் கிழக்குப் பக்கத்தில் வரிசையாக ஊன்றி வைத்தாள். அவளைப்போல் அக்கறையுள்ள எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். விடிந்தபோது ஓர் உருண்டையைக்கூடக் காணோம். முழங்கை ஆழம் தோண்டியபோது நொறுங்கிய முட்கள் சில கைக்கு வந்தன.

அவள் திரும்பிப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தாய்ப்புல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு, “உன்னைத் திட்டி என்ன ஆகப்போவுது? ஆனா இனிமே ஒருத்தியையும் தரமாட்டேன். போயிட்டு வா தாயி” என்றது. முத்திருளாயி எழுந்து போனாள்.

அதே வாரம் ஊர் கூடியது. அமாவாசை கழிந்ததும் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு, உள்நாட்டில் பிறத்தியாரின் உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சாவுக்கு அடுத்த படி. ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் என்னதான் செய்வது? எல்லோரும் தலையாட்டினார்கள், முத்திருளாயியைத் தவிர.

“நான் வரலை மாமா” என்றாள்.

“ஒத்தையா இருந்து மணலைக் குடிப்பியா?”

“தண்ணி வர்றவரைக்கும் தோண்டுவேன்.”

மருமகளின் பிடிவாதம் நம்புக்காளைக்குத் தெரியாததல்ல. புறப்படும் நாளில் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று அதோடு விட்டுவிட்டார்.

இனி மேற்கே போவோம். தாய்ப்புல்லின் பக்கத்தில் கடைசியாக முற்றிப் பிரிந்து, கால்முள்ளை ஊன்றி நின்ற ஒரு பெண் இருந்தாள். பெயர் சிலுப்பி. முத்திருளாயி சொன்னதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூடையில் போனவர்கள் அவளுடைய அக்காமார்கள். அவர்கள் புதைந்துபோனதைக் கேட்டதிலிருந்து சிலுப்பிக்கு ஒரே யோசனை. மேட்டில் நின்ற மற்றவர்கள் அழுது முடித்தார்கள், இவள் அழவில்லை. நேரே கச்சானைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, எங்க அக்காமாரை எதுக்குப் புதைச்சீங்க? அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாங்க?”

கச்சான் முரடனே தவிரப் பொய்யன் அல்ல. அவன் சொன்னான்: “நான் யாரையும் வேணும்னு புதைக்கிறதில்லை தங்கச்சி. நான் ஓடி வாறேன். எதிர்க்க ஒருத்தி அசையாம நிக்கிறா. நான் ரெண்டாப் பிரிஞ்சு அவளைச் சுத்தித்தான் போகணும். போனா, அவ முதுகுக்குப் பின்னால என் ரெண்டு பாதியும் உடனே ஒண்ணு சேர முடியலை. அந்த இடத்துல எனக்கு மூச்சே இல்லை, சும்மா சுத்திச் சுத்தித் தடுமாறுறேன். கையில இருக்கிற மணல் தன்னால நழுவிடுது. அது வாலாட்டம் நீளமா விழுந்து, பெறகு அவ மேலயும் ஏறிடுது. வேலிக்குப் பின்னாலயும் இதே கதைதான். அதுல வேலி பெரிசு, வாலும் பெரிசு.”

சிலுப்பி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தான் ஊன்றி நின்ற இடத்தில் தன் பின்பக்கம் பார்த்தாள். அவன் சொன்னபடியே அவள் முதுகிலிருந்து கிழக்கே ஒரு மணல்வால் நேராக நீண்டிருந்தது. அவள் தன் கால்முள்ளின்மேல் மெல்லத் திருகித் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்து முட்கள் காற்றோடு சேர்ந்து போயினவோ, அந்தப் பக்கத்துக் காற்று அவளை விடாமல் ஒட்டிக்கொண்டு முதுகுவரை வந்தது. எதிர்த்துத் திரும்பிய பக்கத்துக் காற்று பாதியிலேயே கழன்று விலகியது. வால் நேராக விழவில்லை, எதிர்த்த பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவள் மறுபக்கம் திரும்பினாள். வாலும் பக்கம் மாறியது. மாற மாற மணல் ஓரிடத்தில் தங்காமல் சிதறியது.

“அண்ணே, நான் திரும்பிக்கிட்டே இருந்தா உங்களுக்கு மணல் போட இடம் கிடைக்காது” என்றாள்.

கச்சானுக்கு இது புதிது. ஆனால் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் அப்படித் திரும்ப முடியும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பாதிச் சுற்று இந்தப் பக்கம், பாதிச் சுற்று அந்தப் பக்கம், அதற்கே கால்முள் முறுக்கிக்கொண்டு உயிர் போகிற வலி எடுத்தது. முழுச் சுற்றுச் சுற்ற வேண்டுமானால் கால்முள் இருக்கக் கூடாது.

சிலுப்பிக்குப் பயம் வந்தது. வராமல் இருக்குமா? கால்முள் போனால் அவள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, தாயின் பக்கத்தில் இருக்க முடியாது, கடல் எதிரே வந்தாலும் தன்னால் நிறுத்த முடியாது. ஆனால் நின்ற அக்காமார்கள் என்ன ஆனார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கழிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வெறும் கையால் மணலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியும். அவள் மீண்டும் திருக ஆரம்பித்தாள்.

தாய்ப்புல் பதறியது. “நில்லு மகளே. நிக்கிறதுதான் நமக்கு அழகு” என்றது.

“நீ நின்னுட்டே ஆத்தா. அந்தக் கரையில ஒருத்தி நிக்கணும்னா இங்கேருந்து ஒருத்தி ஓடித்தான் ஆகணும்” என்றாள் சிலுப்பி. அழுகையை அடக்கிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே முறுக்காக முறுக்கினாள். கால்முள் முறிந்தது.

கச்சான் அவளைத் தள்ளினான். அவள் உருண்டாள். முதலில் தட்டுத் தடுமாறித்தான் போனாள், எல்லா முள்ளும் ஒரே அளவில்லையே. மேட்டுச் சரிவில் இறங்கியதும் வேகம் பிடித்தது. அப்போதுதான் அவளும் எதிர்பாராத ஒன்று நடந்தது. உருளும்போது அவளுடைய மேல்பக்கத்து முட்கள் காற்றோடு கூடவே ஓடின, அதனால் மேலே காற்று வழுக்கிக்கொண்டு விரைந்தது. அடிப்பக்கத்து முட்கள் காற்றை மறித்தன, அதனால் கீழே காற்று நெருக்கியது. மேலே லேசு, கீழே அழுத்தம். அவளைத் தரையிலிருந்து யாரோ தூக்கிவிட்டார்கள் போலிருந்தது. ஒரு சாண் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பினாள். அவளுக்குப் பின்னால் விழ வேண்டிய வாலோ கீழ்நோக்கிச் சாய்ந்து தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. தங்கியிருந்த மணலைக்கூட அது கிளப்பிவிட்டது.

“இதை நான் செய்யலையே” என்றான் கச்சான், கூடவே ஓடியபடி.

“ரெண்டு பேருமாச் செய்யிறோம் அண்ணே. விட்டுராதீங்க” என்றாள் அவள்.

கழியின் நடுவிலிருந்த வாய்க்கால் வந்தது. சுழலாமல் தள்ளப்பட்டு வந்த உருண்டையாக இருந்தால் அங்கேயே நனைந்து மூழ்கியிருக்கும். இவள் கரையோரத்துச் சின்ன மேட்டில் மோதி எழும்பி, காற்று தாங்க, தண்ணீரின்மேல் ஒருமுறை மட்டும் பட்டு மறுகரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலும் அவள் நிற்கவில்லை.

கிழக்குக் கரையில் அன்று ஊர் புறப்படும் நாள். குடிசைகளைப் பிரித்து வண்டிகளில் ஏற்றியாகிவிட்டது. விடியற்காலையிலிருந்து பெண்களெல்லாம் சேர்ந்து தோண்டி, வழியில் பிள்ளைகள் குடிப்பதற்கென்று ஒரு குடம் தண்ணீர் எடுத்திருந்தார்கள். அதற்குள் ஊற்று பழையபடி மூடிக்கொண்டது. குடம் முத்திருளாயியின் இடுப்பில் இருந்தது. வண்டியில் ஏறு என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் வாங்காமல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் மணலில் ஒரு முள்ளுருண்டை உருண்டு வந்தது. அதுவரை எந்த முள்ளுருண்டையும் அப்படி வந்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் உருண்டையைப் பார்த்தார்கள். முத்திருளாயி உருண்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வழியில் கிடந்த கட்டை, கல், நண்டுவளைத் திட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் மணல்வால் நீண்டிருந்தது. உருண்டு வந்தவளுக்குப் பின்னால் மட்டும் துளி மணல் இல்லை. அவள் கண் அங்கிருந்து வேலிக்குப் போனது, வேலியிலிருந்து அதன் காலடியில் குவிந்திருந்த மணலுக்கு, அங்கிருந்து தூர்ந்துபோன ஊற்றுக்கு. தான் எந்த இடத்தில் அந்தப் பெண்களை ஊன்றி வைத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை, உருண்டை நேரே வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். நடுப்படலின் கட்டுக்கயிற்றை அறுத்துக் கீழே தள்ளினாள், அடுத்ததையும் தள்ளினாள்.

“ஊரே சேந்து கட்டுனதை எதுக்குப் பிரிக்கிறே?” என்று கேட்டார் நம்புக்காளை.

“நாமதான் மாமா நம்ம ஊத்தைத் தூத்தோம்” என்றாள் அவள், மூன்றாவது படலைத் தள்ளியபடி. கோபத்தில் சொல்லவில்லை. மாமனாருக்கு அவள் சொன்னது முழுசாகப் புரியாவிட்டாலும், அவள் அழுதுகொண்டே வேலை செய்ததைப் பார்த்து அவருக்குத் தடுக்க மனம் வரவில்லை.

சிலுப்பி திறந்த வழியாகப் புகுந்து வந்தாள். வந்தவள் நிற்க முடியாமல் ஊற்றைத் தாண்டினாள். கிழக்கே கடல் தெரிந்தது. அவளும் பார்த்தாள். நிறுத்திக்கொள்ளக் கால் இல்லை. கச்சானாலும் நிற்க முடியாது, ஓடுவதுதானே அவன் பிழைப்பு. “அக்கா” என்று சிலுப்பியின் குரல் மட்டும் முத்திருளாயிக்குக் கேட்டது.

கையால் பிடித்தால் என்ன ஆகும் என்று முத்திருளாயிக்குத் தெரியும். பிடித்துக் காய்ந்த மணலில் வைத்தால் காற்று மறுபடி புரட்டிக்கொண்டு போகும், அல்லது மூடிவிடும். காய்ந்த மணல்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம், ஈர மணல் பறக்காது. ஊற்றுக்குள் குனிந்து தோண்டியே தேய்ந்த கைகளுக்கு அது தெரிந்த விஷயம். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, உருண்டைக்கு முன்னால் போய், பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீர் அத்தனையையும் மணலில் கவிழ்த்தாள்.

வண்டியில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். நாக்கு ஈரம் கண்டு வெகுநேரமாகியிருந்த பிள்ளை அது.

உருண்டை ஈர மணலில் ஏறியது. முட்களின் நுனி ஈரத்தில் இறங்கியது, இன்னும் சில முட்கள் இறங்கின, அரைச் சுற்று, கால் சுற்று. சிலுப்பி நின்றாள். பிறந்த இடத்தை விட்ட பிறகு முதல் முறையாக நின்றாள். கச்சான் அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போனான். ஆனால் மணலைக் கையிலேயே பிடித்துக்கொள்ளப் பார்த்தான், அவனுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் வந்திருந்தது.

“இப்ப போடுங்க அண்ணே” என்றாள் சிலுப்பி. “விதைக்குப் போர்வை வேணும். இப்ப போட்டாத்தான் நல்லது.”

“அப்புறம் நீ இருக்கமாட்டியே தங்கச்சி.”

“எம்பிள்ளைங்க இருப்பாங்க.”

கச்சான் மணலைப் போட்டான். முன்போல் மலையாகக் கொட்டவில்லை. வேலி திறந்து கிடந்ததால் வந்த மணலில் பெரும்பகுதி நேரே போய்க் கடலில் விழுந்தது, கொஞ்சம்தான் அவள் முதுகுக்குப் பின்னால் தங்கியது. அது மெல்ல ஏறி அவளை மூடிற்று. முத்திருளாயி பக்கத்தில் உட்கார்ந்து கடைசி முள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அன்று யாரும் புறப்பட முடியவில்லை. வேறு வழியின்றி எல்லோரும் ஊற்றில் இறங்கித் தோண்டினார்கள். நம்புக்காளைதான் முதலில் இறங்கினார். ஈர மணல் பறக்காது என்று முத்திருளாயி சொன்னபடி, தோண்டி எடுத்த ஈர மணலை ஊற்றின் மேற்கே பரப்பி வைத்தார்கள். தோண்டிய ஊற்று மறுநாள் காலையில் திறந்தே கிடந்தது. கொஞ்சம் மணல் விழுந்திருந்தது, நாலு கை அள்ளினால் போதும் என்கிற அளவுக்குத்தான். மிச்சப் படல்களையும் பிரித்துப் பிள்ளைகள் அடுப்பெரித்தார்கள். முத்திருளாயி தினமும் இறைக்கும் முதல் குடத்தைச் சிலுப்பி கிடந்த இடத்தில் ஊற்றினாள். அவளைக் கேலி செய்யத் துணிந்தவர் யாரும் இல்லை. மழை வந்தது, புல் முளைத்தது, வேர் ஓடி ஓடிக் கரை முழுவதையும் பிடித்தது.

அடுத்த வருஷம் அந்தப் புல்லில் முள்ளுருண்டைகள் பழுத்தன. ஒன்றுக்குக்கூடக் கால்முள் இல்லை. ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசியபோது அவற்றில் ஒருத்தி கழியைத் தாண்டி மேற்கே உருண்டு போனாள். மணல்மேட்டில் பாட்டியின்மேல் மோதி, அம்மா எங்கே நின்றாள் என்பதையும் கரை பச்சையாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு உருண்டு போய்விட்டாள். தாய்ப்புல் அன்றைக்கெல்லாம் அழுதது. அந்த அழுகையில் வருத்தம் பாதிதான்.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம்தான் இன்னும் நடக்கிறது. காற்று கிளம்பிய நாளில் கடற்கரையில் நின்று பாருங்கள், முள்ளுருண்டைகள் உருண்டும் எழும்பியும் போய்க்கொண்டிருக்கும், அவற்றின் பின்னால் மணல் சேராது. துரத்திப் பிடிக்கப் போனால் உள்ளங்கையில் குத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஈரம் காணும்வரை அவை யாருக்காகவும் நிற்பதில்லை.